மூன்று எழுத்து, இரண்டு எழுத்து

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
இந்த சீசன் முழுக்க எனக்கு இரவு ஷிப்ட்.
மீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து
சர்க்கரை பதினாலு, பதினாலரை என்று குறித்துவிட்டு
அடுத்த டேங்க் நிறையும்வரை
பரீட்சைப் புத்தகத்தைத் திறப்பேன்.
செப்டம்பர் ஒன்பது, பெங்களூரில் தேர்வு.
கட்டணம் மட்டும் ஒன்றரை மாதச் சம்பளம்.

ஒப்பீடு என்று ஒரே ஒரு பாடம். நாற்பது கேள்வி.
அங்கேதான் எப்போதும் சறுக்குகிறேன்.

கிருஷ்ணகிரி மாம்பழம் சேலத்தைவிட இனிப்பு.
இதைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் சண்டை வரலாம்,
புரியாமல் போகாது.
ஆங்கிலத்தில் இது பிழையாம்.
பழத்தை ஊரோடு வைத்து நிறுக்கக் கூடாது,
பழத்தைப் பழத்தோடுதான்.
சேலத்தினுடையவற்றைவிட என்று எழுத வேண்டும்.
தராசு பிடித்த கை,
இதை மட்டும் உடனே ஒப்புக்கொண்டது.

எண்ண முடிந்தால் ஃபியூவர், முடியாததற்கு லெஸ்.
லாரியிலிருந்து சரியும்போது தோத்தாபுரியை எண்ணலாம்.
கொட்டை ஒரு பக்கம் தோல் ஒரு பக்கம் பிரிகிற
அந்த அரை நிமிடத்தில்
இலக்கணமும் கூழாகிவிடுகிறது.
இன்சார்ஜ் ஜலபதியிடம் சொன்னேன்.
"டீ கம்மியா வருதே, அது எதுல சேரும்?"
லெஸ் என்றேன்.
"டம்ளரும்தான் கம்மியா வருது."
அது ஃபியூவர்.

லைக்குக்குப் பின்னால் ஒரு பெயர் போதும்.
ஆஸுக்குப் பின்னால் வினையோடு முழு வாக்கியம்.
நமக்கு ரெண்டும் மாதிரிதான்:
அவள் மாதிரி, அவள் சிரிக்கிற மாதிரி.
ஒரு மாதிரி இருக்கிறது என்றால்
எதன் மாதிரியும் இல்லை என்று பொருள்.
அதற்கு அந்தப் புத்தகத்தில் விதி கிடையாது.

என் வாயில் தேன் என்றே வருகிற அந்தச் சின்னச் சொல்லுக்கு
நம்மிடம் இருப்பது விட.
அவளைவிட நான் பெரியவள்.
சேர்த்து எழுதிப் பார்த்தேன்,
பிரித்து எழுதிப் பார்த்தேன்.
யாரையாவது விடாமல்
தமிழில் ஒப்பிடவே முடியாது போல.

இருபத்தேழாம் கேள்வி.
ஜேன் என்ற ஒருத்தி, அவளுடைய சகோதரிகள், ஒரு கோடிட்ட இடம்.
இருவர் என்றால் எல்டர்,
மூவர் முதல் எல்டஸ்ட்.
நான், மாதேஸ்வரி, அனுசுயா.

போன தையில் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றேன்,
ரேஷன் கார்டில் ஒரு பெயர் நீக்க.
இறப்புச் சான்று, ஆதார் ஜெராக்ஸ், அப்பாவின் கைநாட்டு.
"நீங்க என்ன உறவு?"
மூத்த பொண்ணு.
கிளார்க் நிமிரவில்லை, எழுதிக்கொண்டார்.
ஒருத்தி குறைந்த பிறகும்
அந்தச் சொல் இருந்த இடத்திலேயே இருந்தது.
இங்கே நகர்கிறது.
வால் மூன்று எழுத்து,
அதை வெட்டிவிட்டு இரண்டு எழுத்து ஒட்ட வேண்டும்.
ஒட்டினால் ஒரு மார்க்.

பக்கத்தைத் திருப்பினேன்.
வகுப்பில் மற்ற எவளையும்விட உயரமானவள் என்று எழுது,
மற்ற என்பதை மறந்தால்
அவள் தன்னைவிடவும் உயரமாகிவிடுவாள்,
அது நடக்காத காரியம் என்கிறது விடைக்குறிப்பு.
பொங்கலுக்கு எடுத்த சுடிதார் பேன்ட்
ஆடிக்குள் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது மாதேஸ்வரிக்கு.
ஜனவரி மாதேஸ்வரியைவிட
ஜூலை மாதேஸ்வரி நான்கு விரற்கடை உயரம்.
விடைக்குறிப்பு எழுதியவர்
பதினைந்து வயசுப் பெண்ணோடு ஒரே பாயில் படுத்ததில்லை,
இடம் போதாமல் உதை வாங்கியதில்லை.

மூணாம் டேங்க் மணி அடித்தது.
சொட்டு வைத்தேன். பதினாலே முக்கால்.
பதிவேட்டில்
'ரெண்டாம் டேங்கைவிட அதிகம்' என்று எழுதி
அடித்து
'ரெண்டாம் டேங்கின் அளவைவிட' என்று திருத்தினேன்.
ஜலபதி காலையில் பார்த்துச் சிரிப்பார்.

இருபத்தேழுக்கு மட்டும்
விடை இன்னும் பென்சிலில் இருக்கிறது.